பத்துத் துளைச் சரக்கு: புளூஸ் வாசிக்க எந்த மவுத் ஆர்கன்?

மளிகைக் கடைக்கும் மவுத் ஆர்கனுக்கும் என்ன சம்பந்தம் என்று நம் சங்க உறுப்பினர்கள் கேட்கலாம். சம்பந்தம் உண்டு. அமெரிக்கக் கிராமப்புறங்களில் இந்த வாத்தியம் பெரிய இசைக் கூடங்களில் விற்று வளர்ந்ததல்ல. மாவும் சர்க்கரையும் ஆணியும் விற்ற பலசரக்குக் கடைகளிலும், சியர்ஸ் ரோபக் போன்ற தபால் வியாபார நிறுவனங்களின் விலைப்பட்டியல்களிலும் இடம் பிடித்து வளர்ந்தது. அரை முழத்துக்கும் குறைவான, சட்டைப் பையில் அடங்கும் இந்தச் சரக்கை உலகமெங்கும் கொண்டு சேர்த்தவர்கள் நம்மைப் போன்ற சில்லறை வணிகர்களே.

துவரம்பருப்பைக் கையில் அள்ளிப் பார்த்ததும் நயம் எது, கலப்பு எது என்று சொல்லும் நமக்கு, கண்ணாடி அலமாரியில் இருக்கும் இந்தச் சின்னப் பெட்டியைப் பற்றிக் கேட்டால் பதில் வருவதில்லை. பேன்சி ஸ்டோரும் ஸ்டேஷனரியும் சேர்த்து நடத்தும் நண்பர்களிடம் பிள்ளைகளின் பிறந்தநாள் பரிசாக இது விற்கிறது. கிதார் கற்கும் இளைஞர்கள் வந்து, "புளூஸ் வாசிக்கிற மவுத் ஆர்கன் இருக்கிறதா?" என்று கேட்கிறார்கள். இருப்பதை எடுத்துக் கொடுத்து அனுப்பிவிட்டால் அன்றைய கல்லாப் பெட்டிக்கு லாபம்தான். ஆனால் அந்த வாத்தியத்தில் அவர் கேட்ட இசை ஒருநாளும் வராது என்றால், அது வியாபாரம் ஆகாது. ஆகவே இந்தச் சரக்கின் வரலாறு, ரகம், தரம், சோதனை, இருப்பு ஆகிய ஐந்தையும் இக்கட்டுரையில் பார்ப்போம்.

கடிகாரக்காரர் தொடங்கிய தொழில்

ஜெர்மனியின் தென்பகுதியில், கருங்காடு என்று சொல்லப்படும் மலைப் பகுதிக்கு அருகில் டிராசிங்கன் என்ற சிற்றூர் உள்ளது. 1833-ல் பிறந்த மத்தியாஸ் ஹோனர் என்பவர் அங்கு கடிகாரத் தொழில் செய்தவர். அதே ஊரில் கிறிஸ்டியன் மெஸ்னர் முதலானோர் அவருக்கு முன்பே வாயால் ஊதும் இந்த வாத்தியத்தைக் கையால் செய்து விற்று வந்தனர். ஹோனர் 1857-ல் இத்தொழிலில் இறங்கினார். முதல் ஆண்டில் அவர் செய்தது 650 வாத்தியங்கள் மட்டுமே.

1860-களில் அமெரிக்காவுக்குச் சரக்கு அனுப்பத் தொடங்கினார். ஐரோப்பாவிலிருந்து குடியேறிய லட்சக்கணக்கான மக்கள் அங்கே இருந்தார்கள். அவர்களால் பியானோ வாங்க முடியாது. வாங்கினாலும் வைக்க இடமில்லை. பையில் போட்டுக்கொண்டு போகும் வாத்தியம் அவர்களுக்குப் பிடித்துப்போயிற்று. 1887-ல் ஹோனர் தொழிற்சாலையின் ஆண்டு உற்பத்தி பத்து லட்சத்தைத் தாண்டியது. முப்பது ஆண்டுகளில் 650-லிருந்து பத்து லட்சம்! வாத்தியத்தின் மேல்மூடியில் தம் பெயரைப் பொறித்து அனுப்பியதால், கடை எதுவானாலும் வாங்குபவர் ஹோனர் பெயரைச் சொல்லிக் கேட்கும் நிலை உண்டாயிற்று. மார்க்கா என்பதன் மதிப்பை அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1896-ல் 'மரீன் பேண்ட்' என்ற மாடல் வெளிவந்தது. அமெரிக்கக் கடற்படை வீரர்களின் புகழ்பெற்ற பேண்டு வாத்தியக் குழுவின் பெயரை அமெரிக்கச் சந்தைக்காக அதற்கு வைத்தார்கள். மத்தியாஸ் ஹோனர் 1902-ல் காலமானார். 1920-களின் இறுதியில், அவருக்கு முன்னோடியான மெஸ்னரின் நிறுவனத்தையே ஹோனர் நிறுவனம் வாங்கிக்கொண்டது. மரீன் பேண்ட் இன்றும் தயாராகிறது. நூற்றாண்டைத் தாண்டியும் அதே பெயரில் விற்கும் சரக்குகள் உலகில் அதிகமில்லை.

மேக்ஸ்வெல் தெருவின் வணிகர்கள்

புளூஸ் என்பது அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கறுப்பின மக்களிடையே பிறந்த பாட்டு. அடிமைத்தளை ஒழிந்த பிறகும் பருத்திக் காட்டில் குத்தகைக்கு உழைத்து, கடனில் பிறந்து கடனில் மடிந்தவர்களின் பாட்டு. அவர்கள் கையில் கிடைத்த மலிவான வாத்தியங்களில் மவுத் ஆர்கனும் ஒன்று. ஜெர்மனியில் நாட்டுப்புற நடனப் பாட்டுகளுக்காகச் செய்யப்பட்ட வாத்தியத்தை அவர்கள் வேறு விதமாக வாசித்தார்கள். ஊத வேண்டிய இடத்தில் மூச்சை உள்ளே இழுத்தார்கள். சுரத்தை நேராக நிறுத்தாமல் வளைத்தார்கள். ரயில் ஓடும் சத்தமும், வேட்டை நாய் குரைப்பும், மனிதன் அழுவதும் அதிலிருந்து வந்தன. செய்தவர் நினைத்துப் பாராத உபயோகத்தை வாங்கியவர் கண்டுபிடித்தார்.

தெற்கிலிருந்து வேலை தேடிப் பல லட்சம் பேர் சிகாகோ முதலிய வடக்கு நகரங்களுக்குக் குடிபெயர்ந்தார்கள். சிகாகோவில் மேக்ஸ்வெல் தெரு என்றொரு சந்தை இருந்தது. யூத வணிகர்கள் பெருமளவில் கடை வைத்திருந்த அந்தத் தெருவில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஜே ஜே என்று கூட்டம் கூடும். புளூஸ் வாசிப்பவர்கள் அங்கே நடைபாதையில் நின்று வாசிப்பார்கள். அவர்களுடைய ஒலிபெருக்கிக்குக் கடைக்காரர்கள் தம் கடையிலிருந்து மின்சாரக் கம்பி இழுத்துக் கொடுத்தார்கள். பாட்டைக் கேட்கக் கூடிய கூட்டம் கடைக்குள்ளும் வந்தது. இரு தரப்புக்கும் பிழைப்பு நடந்தது.

அந்தத் தெருவில் வானொலிப் பெட்டியும் இசைத்தட்டும் விற்ற பெர்னார்ட் ஏப்ரம்ஸ் என்ற கடைக்காரர், 1947-ல் 'ஓரா நெல்' என்ற பெயரில் தாமே இசைத்தட்டு வெளியிட்டார். அதில் மவுத் ஆர்கன் வாசித்துப் பாடியவர் லூசியானாவிலிருந்து வந்த ஒரு பதினேழு வயது இளைஞர். பெயர் மரியன் வால்ட்டர் ஜேக்கப்ஸ். 'லிட்டில் வால்ட்டர்' என்று உலகம் அறிந்தவர் அவர்தான். ஐந்து ஆண்டு கழித்து, 1952-ல், அவருடைய 'ஜூக்' என்ற வாத்திய இசைத்தட்டு அமெரிக்காவின் ரிதம் அண்ட் புளூஸ் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. ஒரு சில்லறைக் கடைக்காரரின் துணிவு அதற்கு முதல் படியாக இருந்தது என்பதில் நாம் பெருமை கொள்ளலாம். 1994-ல் பல்கலைக்கழக விரிவாக்கத்துக்காக அந்தச் சந்தை இடம் மாற்றப்பட்டுவிட்டது.

ஒரே பெயரில் மூன்று சரக்கு

நம் ஊரில் எல்லாவற்றையும் மவுத் ஆர்கன் என்றே சொல்கிறோம். அரிசி என்று சொன்னால் பச்சரிசியா, புழுங்கலா, பாசுமதியா என்று கேட்பதில்லையா? அதுபோல இதிலும் மூன்று ரகம் உண்டு.

முதலாவது டிரெமலோ. மேலும் கீழுமாக இரண்டு வரிசைத் துளைகள் இருக்கும். நம் கடைகளில் அதிகம் காணப்படுவது இதுதான். ஒவ்வொரு சுரத்துக்கும் இரண்டு ரீடுகள்; அவற்றில் ஒன்றைச் சற்றே கூட்டி வைத்திருப்பார்கள். அதனால் ஒலி நடுங்கி, அலை அலையாக வரும். சினிமா மெட்டு வாசிக்க இனிமையானது.

இரண்டாவது குரோமாட்டிக். பக்கத்தில் ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் அரைச் சுரங்கள் எல்லாம் கிடைக்கும். விலை கூடியது. தேர்ந்த வித்வான்கள் வாசிப்பது.

மூன்றாவது டயடானிக். ஒரே வரிசையில் பத்துத் துளை. நீளம் சுமார் நான்கு அங்குலம். புளூஸ் வாசிக்க இதுவே வேண்டும். 'புளூஸ் ஹார்ப்' என்று வாடிக்கையாளர் கேட்டாலும் பெரும்பாலும் இதைத்தான் கேட்கிறார். ஆனால் அதே பெயரில் ஹோனர் நிறுவனம் ஒரு தனி மாடலும் விற்கிறது. ஆகவே, "அந்த மாடலா, பொதுவாகப் பத்துத் துளையா?" என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

புளூஸ் கேட்டு வந்தவருக்கு டிரெமலோவைக் கொடுத்தால் என்ன நஷ்டம்? இங்கேதான் விஷயம் இருக்கிறது. டயடானிக் வாத்தியத்தின் ஒவ்வொரு துளைக்குப் பின்னும் ஓர் அறை உண்டு. அந்த ஒரே அறைக்குள் ஊதும்போது பேசும் ரீடு ஒன்று, இழுக்கும்போது பேசும் ரீடு ஒன்று என இரண்டும் இருக்கின்றன. வாய்க்குள் நாக்கின் நிலையை மாற்றி மூச்சை இழுத்தால், இரண்டு ரீடுகளும் சேர்ந்து வேலை செய்து சுரம் கீழே இறங்குகிறது. வீணையில் தந்தியை இழுத்துச் சுரத்தை அசைப்பதுபோல இங்கே மூச்சால் அசைக்கிறார்கள். டிரெமலோவில் ஒவ்வொரு ரீடுக்கும் தனி அறை. ஆகவே எத்தனை வருஷம் பாடுபட்டாலும் அதில் இந்த வளைவு வராது. வாங்கிப்போன பையன் தனக்குத்தான் திறமையில்லை என்று நினைத்து வாத்தியத்தைப் பரணில் போட்டுவிடுவான். குறை அவனிடத்தில் இல்லை. சரக்கை மாற்றிக் கொடுத்த இடத்தில் இருக்கிறது.

ரகசியம் இழுப்பில்

ஒரு கட்டைச் சுருதியில், அதாவது ஆங்கிலத்தில் சி என்ற சுருதியில் அமைந்த டயடானிக்கை எடுத்துக்கொள்வோம். முதல் துளை முதல் பத்தாம் துளை வரை வரிசையாக ஊதினால் ச க ப, ச க ப, ச க ப, ச என்று வரும். மூச்சை உள்ளே இழுத்தால் ரி ப நி ரி ம த நி ரி ம த என்று வரும்.

கவனித்தால் ஒன்று தெரியும். நான்காம் துளை முதல் ஏழாம் துளை வரை ஏழு சுரமும் முழுமையாக இருக்கின்றன. ஆனால் முதல் மூன்று துளைகளில் மத்திமமும் தைவதமும் இல்லை. கீழ்ப்பகுதியில் பல துளைகளைச் சேர்த்து ஊதினால் சுரக்கூட்டு இனிமையாக ஒலிக்க வேண்டும் என்பதற்காக அந்த இரண்டையும் விட்டுவிட்டார்கள். ஆனால் இரண்டாம் துளையின் இழுப்பில் பஞ்சமத்தை முழுச் சுரம் கீழே வளைத்தால் காணாமற்போன மத்திமம் கிடைக்கிறது. மூன்றாம் துளையின் நிஷாதத்தை முழுச் சுரம் வளைத்தால் தைவதம் கிடைக்கிறது.

புளூஸ்காரர்கள் இன்னும் ஒரு படி போனார்கள். ஒரு கட்டை வாத்தியத்தில் ஒரு கட்டைப் பாட்டை வாசிக்காமல், பஞ்சமத்தையே சட்ஜமமாக வைத்து ஐந்து கட்டைப் பாட்டை வாசித்தார்கள். அப்படி வைத்துக்கொண்டால் முதல் நான்கு துளைகளை இழுக்கும்போது ப ச க ப என்ற கூட்டு வருகிறது. மூச்சை இழுத்த உடனேயே பாட்டின் ஆதாரம் நிறைந்துவிடுகிறது. மூன்றாம் துளையில் வரும் அந்தர காந்தாரத்தை அரைச் சுரம் வளைத்தால் சாதாரண காந்தாரம். நான்காம் துளையின் பஞ்சமத்தை வளைத்தால் பிரதி மத்திமம். ஐந்தாம் துளையில் வளைக்காமலேயே கைசிகி நிஷாதம். புளூஸ் பாட்டின் சோகமும் ஏக்கமும் இந்த மூன்று சுரங்களில்தான் அடங்கியிருக்கின்றன. இந்த முறையை 'கிராஸ் ஹார்ப்' என்றும் 'இரண்டாம் நிலை' என்றும் சொல்வார்கள். ஜான் லீ வில்லியம்சன் என்ற சன்னி பாய் வில்லியம்சன் 1937 முதல் வெளியிட்ட இசைத்தட்டுகளால் இந்த வாத்தியம் புளூஸ் குழுவில் முன்வரிசைக்கு வந்தது. அவர் 1948-ல் சிகாகோவில் வழிப்பறிக்காரர்களால் தாக்கப்பட்டு இறந்தார். அவர் விட்ட இடத்திலிருந்து லிட்டில் வால்ட்டரின் தலைமுறை தொடர்ந்தது.

எந்தக் கட்டை வாங்குவது?

ஆர்மோனியத்தில் எந்தக் கட்டையிலும் பாடலாம். டயடானிக் அப்படியல்ல, ஒவ்வொரு சுருதிக்கும் தனி வாத்தியம். ஆகப் பன்னிரண்டு சுருதிக்குப் பன்னிரண்டு. சுருதியின் பெயர் மூடியிலோ பக்கத்திலோ பொறித்திருக்கும்.

வாடிக்கையாளர் "என் நண்பன் கிதாரில் ஐந்து கட்டையில் வாசிக்கிறான்" என்று சொன்னால், ஐந்து கட்டை வாத்தியத்தை எடுத்துக் கொடுத்துவிடக் கூடாது. புளூஸ் வாசிக்க அவருக்கு ஒரு கட்டை வாத்தியமே வேண்டும். இதற்கு எளிய விதி உண்டு: பாட்டின் சுத்த மத்திமம் எந்தக் கட்டையோ, அந்தக் கட்டை வாத்தியத்தைக் கொடுக்க வேண்டும். கணக்கு இதோ:

பாட்டு 5 கட்டை (ஜி) என்றால் வாத்தியம் 1 கட்டை (சி).
பாட்டு 6 கட்டை (ஏ) என்றால் வாத்தியம் 2 கட்டை (டி).
பாட்டு 3 கட்டை (ஈ) என்றால் வாத்தியம் 6 கட்டை (ஏ).
பாட்டு 2 கட்டை (டி) என்றால் வாத்தியம் 5 கட்டை (ஜி).
பாட்டு 1 கட்டை (சி) என்றால் வாத்தியம் 4 கட்டை (எஃப்).
பாட்டு 4 கட்டை (எஃப்) என்றால் வாத்தியம் ஆறரைக் கட்டை (பி பிளாட்).

இந்த ஆறு வரியை ஓர் அட்டையில் எழுதி அலமாரிக்குள் ஒட்டிவைத்தால் கடைப் பையனும் தவறில்லாமல் எடுத்துக் கொடுப்பான்.

புதிதாகக் கற்பவர் "எனக்கு ஒன்றும் தெரியாது, ஒன்று கொடுங்கள்" என்றால் ஒரு கட்டை, அதாவது சி, கொடுப்பதே முறை. பயிற்சிப் புத்தகங்கள் பெரும்பாலும் அதையே வைத்து எழுதப்பட்டவை. மேலும் அது நடுத்தரமானது. வழக்கமான வாத்தியங்களில் மிகவும் கீழான சுருதி ஜி. அதன் ரீடுகள் நீளமானவை, பேச நேரம் எடுக்கும். மிகவும் மேலான எஃப் ஷார்ப்பில் ரீடுகள் குட்டையானவை. சட்டென்று பேசும், ஆனால் புதியவருக்கு வளைப்பது சிரமம். சி இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது.

சட்டம், ரீடு, மூடி

வாத்தியத்தைப் பிரித்தால் ஐந்து பாகம். நடுவில் அறைகள் வெட்டிய ஒரு சட்டம். அதன் மேலும் கீழும் ரீடுகள் பொருத்திய இரண்டு தகடுகள், தகட்டுக்குப் பத்தாக மொத்தம் இருபது ரீடு. வெளியே இரண்டு மூடிகள்.

சட்டம் மரத்திலும் வரும், பிளாஸ்டிக்கிலும் வரும், உலோகத்திலும் வரும். பழைய மரீன் பேண்ட் பேரி மரச் சட்டத்தில் தகடுகளைச் சிறு ஆணிகளால் அடித்துச் செய்யப்படுவது. அதன் ஒலிக்காக இன்றும் அதையே தேடி வாங்குகிறார்கள். ஆனால் வாயின் ஈரம் பட்டு மரம் ஊதிக்கொள்ளும். அறைகளுக்கு இடையே உள்ள மரப்பற்கள் வெளியே தள்ளி உதட்டை உரசும். பழைய காலத்து வித்வான்கள் சிலர் ஒலி கூட வேண்டும் என்று வாத்தியத்தைத் தண்ணீரில் ஊறவைத்து வாசித்தார்கள். அது வாத்தியத்தின் ஆயுளைக் குறைக்கும் வழி.

பிளாஸ்டிக் சட்டத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. ஹோனரின் 'ஸ்பெஷல் 20' அந்த வகை. தகடுகள் சட்டத்துக்குள் பதிந்திருப்பதால் உதட்டுக்கு இதமாக இருக்கும். முதல் வாத்தியமாக இதையே பலரும் சிபாரிசு செய்கிறார்கள். பிளாஸ்டிக் என்றதும் மட்டம் என்று நினைக்க வேண்டாம்.

1983-ல் லீ ஆஸ்கர் என்ற பெயரில் ஒரு மார்க்கா சந்தைக்கு வந்தது. டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவில் 'வார்' என்ற இசைக்குழுவில் வாசித்த கலைஞரின் பெயர் அது. ஜப்பானின் டோம்போ தொழிற்சாலை அவருக்காகச் செய்து கொடுக்கிறது. வாத்தியம் தேய்ந்தால் முழுவதையும் தூக்கிப் போட வேண்டாம், ரீடுத் தகட்டை மட்டும் தனியாக வாங்கித் திருகாணியால் மாற்றிக்கொள்ளலாம் என்பது அதன் சிறப்பு. ஆணி அடித்த வாத்தியத்தைப் பிரிக்கத் தெரியாமல் திண்டாடியவர்களுக்கு இது வரப்பிரசாதமாக இருந்தது. பிறகு ஹோனரும் திருகாணி போட்ட மாடல்களைக் கொண்டுவந்தது. 2005-ல் வந்த 'மரீன் பேண்ட் டீலக்ஸ்', ஈரம் புகாதபடி பூச்சு கொடுத்த மரச் சட்டத்தோடு, திருகாணியில் அமைந்தது. நூறு ஆண்டுப் பெயர் இருந்தாலும், வாடிக்கையாளரின் சிரமத்தைப் போட்டியாளர் தீர்த்துவைத்தால் நாமும் தீர்த்தாக வேண்டும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

ஜப்பானின் சுஸுகி, ஜெர்மனியின் கிளிங்கன்தால் ஊரில் 1847 முதல் இயங்கும் சைடல் ஆகியவையும் நம்பகமான மார்க்காக்கள். சைடல் சில மாடல்களில் பித்தளைக்குப் பதில் எவர்சில்வர் ரீடு போடுகிறது. விலை கூடுதல், உழைப்பும் கூடுதல்.

மிகவும் மலிவான வாத்தியங்களும் பத்துத் துளையோடு, பளபளக்கும் பெட்டியில் வருகின்றன. வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியாது. உள்ளே தகடும் சட்டமும் சரியாகப் படியாமல் இடைவெளி இருக்கும். ஊதும் காற்றில் பாதி அந்த வழியாகப் போய்விடும். ஓட்டைச் சாக்கில் சர்க்கரை அளந்தது போலத்தான். காற்று கசிகிற வாத்தியத்தில் சுரத்தை வளைப்பது தேர்ந்தவருக்கே சிரமம். புதியவரால் ஆகவே ஆகாது. விளையாட்டுச் சாமானாக விற்பதானால் விளையாட்டுச் சாமான் என்றே சொல்லி விற்போம்.

கடையில் சோதிக்கும் முறை

இது வாயில் வைக்கும் சரக்கு. ஒருவர் ஊதிப் பார்த்து வைத்ததை அடுத்தவருக்கு விற்பது சுகாதாரமும் அல்ல, நியாயமும் அல்ல. இசைக்கருவிக் கடைகளில் இதற்கென்று துருத்தி வைத்திருக்கிறார்கள். வாத்தியத்தை அதன்மேல் பொருத்தி அமுக்கினால் ஊதும் சுரமும், விட்டால் இழுக்கும் சுரமும் கேட்கும். அடிக்கடி விற்பவர்கள் ஒரு துருத்தி வாங்கிவைப்பது நல்ல முதலீடு. வாங்குபவர் முன்னிலையிலேயே பத்துத் துளையையும் சோதித்துக் காட்டலாம்.

பார்க்க வேண்டியவை இவை: இருபது சுரமும் பேசுகிறதா? ஒரே அளவு காற்றில் எல்லாம் ஏறத்தாழ ஒரே பலத்தில் ஒலிக்கின்றனவா? எதிலாவது கரகரப்போ, தகடு அதிரும் ஓசையோ உண்டா? மூடி நசுங்கியிருக்கிறதா? பொறித்திருக்கும் சுருதியும் பெட்டியில் போட்டிருக்கும் சுருதியும் ஒன்றா? கடைசிக் கேள்வி அற்பமாகத் தோன்றலாம். பெட்டி மாறிப்போவது நம் அலமாரியிலேயே நடக்கிற காரியம்.

"இரண்டாவது துளை பேசவில்லை"

வாங்கிச் சென்ற இரண்டாம் நாள் வாடிக்கையாளர் திரும்பி வருவார். "இரண்டாவது துளையை இழுத்தால் சத்தம் வரவில்லை, டேமேஜ் சரக்கு" என்பார். வாக்குவாதம் இங்கேதான் தொடங்கும். உலகமெங்கும் புதிதாகக் கற்பவர்கள் சொல்லும் முதல் புகார் இது. பெரும்பாலும் வாத்தியத்தில் குறை இராது. கீழ்ச் சுருதி ரீடுகளை, குறிப்பாக இரண்டாம், மூன்றாம் துளைகளை, உதட்டைக் குவித்து வேகமாக உறிஞ்சினால் ரீடு திணறி நின்றுவிடும். தாடையைத் தளர்த்தி, கொட்டாவி விடுவதுபோல் தொண்டையைத் திறந்து, மெதுவாக மூச்சை இழுத்தால் பேசும்.

துருத்தியில் வைத்துக் காட்டினால் சுரம் வருவதை அவரே கேட்பார். அப்போது, "சரக்கு நன்றாக இருக்கிறது சார், மெதுவாக இழுத்துப் பாருங்கள், ஒரு வாரத்தில் வந்துவிடும்" என்று சொல்லி அனுப்பலாம். இந்த ஒரு விஷயம் தெரியாததால் நல்ல சரக்கைத் திரும்ப வாங்கி நஷ்டப்படுவதும் உண்டு. சண்டை போட்டு வாடிக்கையை இழப்பதும் உண்டு. துருத்தியிலும் பேசவில்லை என்றால் மறுபேச்சின்றி மாற்றிக் கொடுத்துவிட வேண்டும்.

இன்னொரு வகைப் புகார் ஆறு மாதம், ஒரு வருடம் கழித்து வரும். "நான்காம் துளை சுருதி இறங்கிவிட்டது" என்பார்கள். பலமாக இழுத்து வளைத்து வாசிப்பவர்களிடம் ரீடு களைத்துச் சுருதி இறங்குவது இயல்பு. நான்காம், ஐந்தாம் துளைகளின் இழுப்பு ரீடு முதலில் போவது வழக்கம். இது செருப்பு தேய்வதைப் போன்றது, உற்பத்திக் குறை அல்ல. ஆனால் இதை விற்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். பிறகு சொன்னால் சாக்குப்போக்காகத் தெரியும்.

விற்கும்போதே சொல்ல வேண்டிய இன்னும் சில: இனிப்பும் பலகாரமும் தின்ற வாயோடு வாசிக்கக் கூடாது, வாய் கொப்பளித்துவிட்டு வாசிக்க வேண்டும். வாசித்து முடித்ததும் துளைகளைக் கீழ்நோக்கிப் பிடித்து உள்ளங்கையில் தட்டி ஈரத்தை வெளியேற்ற வேண்டும். பிளாஸ்டிக் சட்டமானால் வெதுவெதுப்பான நீரில் அலசலாம். மரச் சட்டமானால் தண்ணீரே ஆகாது.

இருப்புக் கணக்கு

பன்னிரண்டு சுருதியும் வாங்கி அடுக்கினால் முதல் முடங்கும். சி அதிகமாகவும், அடுத்து ஏ, டி, ஜி ஆகியவற்றைக் குறைவாகவும் வைத்துத் தொடங்கலாம். கிதார்காரர்கள் புளூஸுக்கு அதிகம் எடுப்பது ஈ, ஏ, ஜி, டி சுருதிகள். அவற்றுக்கு இந்த நான்கும் போதும். கேட்பார் இருந்தால் எஃப், பி பிளாட் சேர்க்கலாம். மற்றவற்றை ஆர்டர் பேரில் தருவித்துக் கொடுப்பதே புத்திசாலித்தனம்.

பத்து மார்க்கா வைப்பதைவிட, ஒரு நல்ல பிளாஸ்டிக் சட்ட மாடல், ஒரு மரச் சட்ட மாடல் என இரண்டோடு நிறுத்திக்கொண்டு, மாற்றுத் தகடு கிடைக்கும் மார்க்காவாகத் தேர்ந்தெடுத்தால் தொடர்ந்து வியாபாரம் இருக்கும். ஏனென்றால் இந்தச் சரக்கில் ஒரு விசேஷம் உண்டு. சி வாங்கி வாசிக்கக் கற்றுக்கொண்டவர் அத்தோடு நிற்க மாட்டார். நண்பரோடு சேர்ந்து வாசிக்க ஏ வேண்டும், பிறகு டி வேண்டும், தேய்ந்ததற்குப் பதில் வேறு வேண்டும். முதல் வாத்தியம் சரியாக அமைந்தால் அவர் பல வருஷ வாடிக்கையாளர். முதல் வாத்தியம் தவறாக அமைந்தால் அதோடு சரி. நம் கடையையும் விட்டார், இசையையும் விட்டார்.

விற்பனை ரசீதில் மாடல் பெயரையும் சுருதியையும் எழுதிக் கொடுப்பதை வழக்கமாக்கிக்கொள்வோம். வாய் வைத்த பிறகு மாற்றித் தர இயலாது, துருத்தியில் பேசாவிட்டால் மாற்றித் தரப்படும் என்ற இரண்டு வரியையும் கல்லாவுக்கு அருகில் எழுதிவைப்போம். "புளூஸ் வாசிக்க" என்று கேட்டு வருபவரிடம் ஒற்றை வரிசைப் பத்துத் துளை நம்மிடம் இல்லையென்றால், இல்லை என்றே சொல்லி, கிடைக்கும் கடையைக் காட்டி அனுப்புவோம். அன்று ஒரு விற்பனை போகும். ஆனால் அந்த வாடிக்கையாளர் மளிகைச் சீட்டோடு அடுத்த மாதம் நம் கடைக்குத்தான் வருவார்.